படுக்க வைத்த சைக்கிள்

இரண்டு டிரிப்புக்கு நடுவே கிடைத்த நேரத்தில், தோளில் தொங்கும் கண்டக்டர் பையோடு மாசிலாமணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்குள் நுழைந்தான். மகளுக்கு வேண்டும். பத்தாவது படிக்கிறாள்.

"பொண்ணு என்ன உயரம் இருக்கும் சார்?" என்றார் கடைக்காரர். "வளர்ற வயசு. அளவு தப்பிப்போச்சுன்னா தொடவே மாட்டாங்க."

மாசிலாமணி உள்ளங்கையைக் கவிழ்த்துத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். பிறகு தோளுக்கு உயர்த்தினான். அங்கேயும் கை நிலைகொள்ளவில்லை. விடியலில் முதல் டிரிப்புக்குக் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். கடைசி டிரிப் முடித்து வந்து சேரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் பஸ்ஸில் கூட்டமே.

அலுத்துப்போய்க் கையைக் கீழே போட்டான். பிறகு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் அகல விரித்துக் காட்டினான்.

"இவ்வளவு இருப்பா. இப்பல்லாம் கால் பாய்க்கு வெளியதான் கிடக்குது."

கடைக்காரர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரிசையிலிருந்து ஒரு நீலச் சைக்கிளை அவனே வெளியே எடுத்தான். ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஹேண்டில்பாரைத் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்லத் தரையில் சாய்த்துப் படுக்க வைத்தான். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் பார்த்தான்.

"இது சரியா இருக்கும்." ரகசியம் போலத்தான் சொன்னான்.

"பெல்லு நல்லாக் கேக்குதான்னு பாத்துக்குங்க சார்" என்று கடைக்காரர் குனிந்து ஒரு தட்டுத் தட்டினார்.

மாசிலாமணி பதறிப்போய் பெல்லைக் கையால் பொத்தினான்.