ஞாபகப் பரீட்சை

"பொய் சொல்றீங்க ஐயா. இல்லன்னா மறந்துட்டீங்க."

டாக்டர் குலசேகரத்தின் குரலில் எரிச்சல். எதிரே இருந்த ஏரம்பமூர்த்திக்கு எழுபத்து நாலு வயது. விரல்கள் பாதியாய்த் தேய்ந்த கைகளை மடியில் வைத்திருந்தார்.

"கூடப் பிறந்தவங்க யாருமே இல்லையா?"

"இல்ல டாக்டர்."

"ஜெரஜாக் தீவுத் தொழுநோய் ஆஸ்பத்திரியோட பழைய ரிஜிஸ்டர்ல 'ஒரு தங்கை'ன்னு இருக்கே!"

பெரியவர் மறுபடியும் இல்லையென்று தலையசைத்தார்.

குலசேகரத்துக்கு இது மூன்று வருட உழைப்பு. வயதானவர்களின் நினைவைத் தின்பது மூளைக்குள் மெல்லப் பரவும் அழற்சிதான் என்பது அவர் கட்சி. தொழுநோய்க்காரர்கள் வருடக்கணக்கில் விழுங்கிய மாத்திரை அந்த அழற்சியையும் தணித்திருக்குமோ என்று ஒரு சந்தேகம். நிரூபித்துவிட்டால் மறதி நோய்க்கே மருந்து செய்யலாம். அதற்காகத்தான் இந்த 1994-இல், ஜெரஜாக்கில் இருந்து பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்துப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார். பத்து காவான் என்ற ஊருக்குக் காரே அனுப்பிப் பெரியவரை வரவழைத்திருந்தார்.

முப்பது கேள்விகளில் இருபத்தொன்பது சரி. ஜப்பான்காரன் குண்டு போட்ட மாதம், தீவில் படுத்த வார்டு நம்பர், எல்லாம் மணிமணியாய். தங்கை மட்டும் இல்லையாம்!

"கூடப் பிறந்தவளையே மறந்துட்டீங்கன்னா, மாத்திரையால பிரயோஜனம் இல்லன்னுதான் நான் எழுதணும்."

"அப்படி எழுதினா மருந்து வராதா டாக்டர்?"

"வராமலே போகலாம். எங்கம்மாவுக்கே இந்த நோய்தான். என்னையே யாருன்னு கேக்கிறாங்க."

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"பத்மாவுக்கா?"

குலசேகரத்தின் கையில் பேனா அப்படியே நின்றது. அம்மாவின் பெயரை அவர் சொல்லவே இல்லை.

"உங்க படம் பேப்பர்ல வந்தப்பவே தெரியும் தம்பி. ரயில்வேல கணக்கெழுதின கிராணி விநாசித்தம்பி மகன். ஒரு தடவை கிட்டக்க பாக்கணும்னுதான் பரீட்சைக்கு வந்தேன்."

"நீங்க..."

"எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. தீவுக்குப் போட்ல ஏத்துறப்ப உங்க தாத்தா, எங்கப்பா, சத்தியம் வாங்கினார். யார் கேட்டாலும் தங்கச்சி இல்லன்னு சொல்லணும். அண்ணனுக்கு இந்த நோய்னு தெரிஞ்சா அவளை எவன் கட்டுவான்? அதுக்கு முந்தியே தீவு ஆபீஸ்ல 'ஒரு தங்கை'ன்னு எழுதிட்டாங்க போல. மறக்கல தம்பி. அம்பத்தஞ்சு வருஷமா ஞாபகமா, 'தங்கச்சி இல்ல'ன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

குலசேகரம் பேனாவை மூடி வைத்தார்.

"ஒரே ஒரு தடவை அவளைப் பாத்துட்டுப் போகட்டுமா? தெருவுல நின்னு பாத்தாக்கூடப் போதும்."

நோய் எப்போதோ குணமாகிவிட்டது, யாரையும் தொற்றாது. அதைக் குலசேகரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சொல்லி அனுப்பறேன் ஐயா," என்றார். மாமா என்று வாயில் வரவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே மனைவி யோகலட்சுமி பிடித்துக்கொண்டாள்.

"ஈப்போவிலேர்ந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயித்துக்கிழமை நம்ம பொண்ணைப் பாக்க வர்றாங்களாம். போன் வந்துச்சு."

உள்ளறை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள். மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"போட் வந்திட்டுதோ? அண்ணை வந்திட்டாரோ?"

"காலையிலேர்ந்து இதே கேள்விதான்," என்றாள் யோகலட்சுமி. "யாருங்க அந்த அண்ணன்? அத்தை ஒரே பிள்ளைன்னுதானே சொன்னீங்க?"

குலசேகரம் அம்மாவின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பிரித்தார்.

"ஒரே பிள்ளைதான்," என்றார். "நோய் முத்திப்போச்சு. இல்லாத ஆளையெல்லாம் கூப்பிட வைக்குது."