இனிப்பில்லாத வீடு

சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஜெசிந்தா உளுந்து டப்பாவுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். அடியில் கிடந்த பொட்டலம் விரலில் தட்டுப்பட்ட பிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது. புருஷனுக்கு மட்டும் இது தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

பொட்டலத்தைப் பிரிக்கும்போதே வெளியிலிருந்து சின்னவளின் குரல் வந்தது. "அம்மா, உள்ள தாள் கசங்குற சத்தம் கேக்குது. நான் ஏதும் ஒத்தாசை பண்ணவா?"

காதில் மிஷின் மாட்டியதிலிருந்து ஏழு வயது பூமிகாவுக்கு எறும்பு ஊர்வதுகூடக் கேட்கிறது. "ஒண்ணுமில்ல ஆத்தா, நீ போய் விளையாடு" என்று சொல்லிவிட்டு, ஜெசிந்தா ஒரு துண்டு மைசூர்பாகை அப்படியே வாய்க்குள் தள்ளினாள். மென்றால் அதுவும் கேட்டுவிடுமே என்று கரையும் வரை காத்திருந்தாள்.

இத்தனைக்கும் சட்டம் போட்டவளே அவள்தான். தத்தெடுத்த அக்கா தங்கை இரண்டு பேரும் மதுரையிலிருந்து வந்து சேர்ந்த அன்றைக்கே, இனி இந்த வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கூடாது என்று அறிவித்துவிட்டாள். பெரியவள் ஹேமாஸ்ரீக்குப் பதினோரு வயதிலேயே சர்க்கரை நோய், வேளாவேளைக்கு இன்சுலின் ஊசி. மற்றவர்கள் வழக்கம்போலச் சாப்பிடலாம், அந்தப் பிள்ளையும் அளவோடு சாப்பிடலாம் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஜெசிந்தா காதில் வாங்கவில்லை. சர்க்கரை டப்பா முதற்கொண்டு வீட்டை விட்டுப் போனது. சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிற குடும்பத்தில், ஒரு பழம் வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது என்றாகிவிட்டது.

கணவன் சகாய பிரவீன் மறுபேச்சுப் பேசவில்லை. மாமனார் இஞ்ஞாசிமுத்து ஒரு படி மேலே போய், சாயங்காலமானால் ஜிப் வைத்த பைபிள் பையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் போய் உட்கார ஆரம்பித்தார். பேத்திகள் வந்த நேரம், மனுஷனுக்கு பக்தி முற்றிவிட்டது என்று ஜெசிந்தா பூரித்துப்போனாள்.

அவளுடைய கவலை வேறு. இரண்டு மாதமாகியும் பிள்ளைகள் விருந்தாளிகள் மாதிரியே இருந்தார்கள். தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்டார்கள். பூமிகா கைதவறி ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்த அன்று, இரண்டு பேரும் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. அன்றைக்கு ஜெசிந்தாவுக்கு அழுகையை அடக்க முடியவில்லை. பிள்ளைகள் சேட்டை பண்ண ஆரம்பித்தால்தான் பயம் தெளிந்து உங்களை நம்பிவிட்டார்கள் என்று அர்த்தம் என்று, தத்து கொடுத்த இடத்து மேடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாதாவிடம் அவள் வேண்டியதெல்லாம் ஒரே ஒரு சேட்டைதான்.

வாயைத் துடைத்துக்கொண்டு அவள் கதவைத் திறந்தபோது, கூடத்துப் பாயில் ஹேமாஸ்ரீ சுருண்டு கிடந்தாள்.

"அம்மா, தலை சுத்துது. சுகர் இறங்கிருச்சு போல" என்றாள் ஈனஸ்வரத்தில்.

சர்க்கரை இறங்கினால் பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டும், தாமதிக்காதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஜெசிந்தா மகளின் காய்ந்த நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். ஃபிரிட்ஜ் மேல் எப்போதும் இருக்கிற குளுக்கோஸ் டப்பாவைக் காணோம். சுகர் பார்க்கிற மிஷினை எடுத்துவரப் போன பூமிகா, உள்ளறை அலமாரியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

கூப்பாடு கேட்டுப் பிரவீனும் மாமனாரும் ஓடிவந்தார்கள். "டாக்டர் சொன்னாகல்ல, இனிப்பா ஏதாச்சும் குடு" என்று பிரவீன் பதறினான். குடுப்பதற்கு வீட்டில் என்ன இருக்கிறது? பந்தலில்கூடப் போன வாரமே பழம் வெட்டி முடிந்திருந்தது. அவர்களுடையது தோட்டத்து வீடு, வண்டியை எவ்வளவு விரட்டினாலும் கடைக்குப் போய்வர நேரமாகும்.

பெரியவர்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நொடி ஆளுக்கொரு பக்கம் தெறித்து ஓடினார்கள்.

பிரவீன் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, குமுளியில் வாங்கிய அல்வாவோடு வந்தான். இஞ்ஞாசிமுத்து பைபிள் பையின் ஜிப்பை இழுத்தார். உள்ளேயிருந்து பைபிள் வரவில்லை, கடலைமிட்டாய் பொலபொலவென்று கொட்டியது. உளுந்து ஒட்டிய மைசூர்பாகை ஏந்தி வந்த ஜெசிந்தா, அந்த இரண்டையும் பார்த்து அப்படியே நின்றாள். அவள் கையிலிருப்பதைப் பார்த்து அவர்களும் நின்றார்கள்.

முதலில் சுதாரித்தவர் மாமனார்தான். "பஞ்சாயத்தைப் பொறகு வச்சுக்கிருவோம். பிள்ளைக்குக் குடு ஆத்தா."

ஜெசிந்தா மண்டியிட்டு ஒரு துண்டைப் பிட்டு ஹேமாவின் வாயருகே கொண்டுபோனாள். ஹேமா வாயைத் திறக்கவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து, அல்வா, கடலைமிட்டாய், மைசூர்பாகு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"தேடுனது போதும் பூமி, பந்தயத்துல நான்தான் ஜெயிச்சேன், அம்மாவும் ஒளிச்சுத்தான் வச்சிருக்கு."