அட்டையில் உள்ள பெயர்

பேட்டரி வண்டி பாதித் தெருவிலேயே கையை விரித்துவிட்டது. குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லும் பாட்டு மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது. பாட்டுப் பெட்டிக்குத் தனி பேட்டரி போலிருக்கிறது.

தள்ளினேன். மணி ஒன்பதரை. இன்னும் இரண்டு தெரு பாக்கி, இடுப்பு இப்போதே விட்டுப்போயிருந்தது.

கூடவே சத்தியப்பிரியா நடந்து வந்தாள். புதிதாக வந்திருக்கும் மேற்பார்வையாளர். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனாலும் மேடம். மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி என்று கொடுக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்ப்பது அவள் வேலை. அவளாகச் சேர்த்துக்கொண்ட வேலை இன்னொன்று உண்டு.

என்னைக் கண்டால் தெருவில் "குப்பை வந்திருச்சு" என்றுதான் சொல்வார்கள். இத்தனை வருடத்தில் அது எனக்கு உறைத்ததே இல்லை. சத்தியப்பிரியாவுக்கு உறைத்தது. மனுஷியைக் குப்பை என்பீர்களா, தூய்மைப் பணியாளர் என்று சொல்லுங்கள் என்று ஒரு வாரமாக வாசல் வாசலாகச் சொல்லி வருகிறாள். இப்போது சில வீடுகளில் "தூய்மை வந்திருச்சு" என்கிறார்கள்.

சிரிப்பு வந்தாலும் அவள் மேல் எனக்குப் பிரியம்தான். எனக்காக வாயைத் திறந்த முதல் ஆபீசர் அவள்.

சிகப்பி ஆச்சி வீட்டுப் பின்வாசல் வந்தது. முன்வாசல் அடுத்த தெருவில். அதை நான் பார்த்ததில்லை. செட்டியார் வீட்டுப் பெண்களை இங்கே ஆச்சி என்றுதான் சொல்வோம், இவருக்கு நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும், அத்தனை பெரிய வீட்டில் ஒற்றை ஆள். உள்ளேயிருந்து நடந்து வந்து சேர நேரமாகும் என்பதால் முதலில் குரல்தான் வரும்.

"ஏ குப்பாயி, நில்லு. வாரேன்."

சத்தியப்பிரியாவின் முகம் சிவந்துவிட்டது.

விடுங்க மேடம், நேரமாச்சு என்றேன். அவள் விடவில்லை. ஆச்சி பையோடு படியில் வந்து நின்றதும் பிடித்துக்கொண்டாள். படித்தவர்கள், பெரிய வீட்டுக்காரர்கள், நீங்களே இப்படிக் கூப்பிடலாமா என்று கேட்டாள். ஆச்சிக்கு என்ன தப்பு என்றே விளங்கவில்லை. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

சத்தியப்பிரியா என் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினாள். "அவுக பேரு அனுசுயா. இதுலயே இருக்கு, பாருங்க ஆச்சி."

ஆச்சி அட்டையைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியாமப் போச்சு," என்றார். "மன்னிச்சுக்கிடுங்க."

இத்தனை நாளில் அவர் என்னிடம் வாங்க போங்க என்று பேசியதில்லை.

பையைக் கொடுத்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். எப்போதும் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். அதிலும் பையில் உடைந்த கண்ணாடி இருந்தால் சொல்லாமல் விடமாட்டார். போன ஐப்பசியில் வேறொரு வீட்டுக் கண்ணாடி என் உள்ளங்கையைக் கிழித்ததும் ஆறு தையல் போட்டதும் அவருக்குத் தெரியும். கையை மடக்க முடியாமல் பதினோரு நாள் வீட்டில் கிடந்தேன். இன்னொரு தடவை இப்படிப் படுத்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று காண்டிராக்டரின் ஆள் சொல்லியிருக்கிறான்.

அதனால் கையைப் பார்த்துத்தான் வைப்பேன். கொடுத்த கையுறை விரலில் கிழிந்து ஒரு மாதமாகிறது.

இரண்டு வீடு தள்ளி வண்டியை நிறுத்தி, ஆச்சியின் பையை அவிழ்த்தேன். மக்காத குப்பை. பிளாஸ்டிக்கை ஒரு பக்கம், துணியை ஒரு பக்கம் என்று கையால்தான் பிரிக்க வேண்டும். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் கண்ணாடி இல்லை.

பின்னாலிருந்து "அனுசுயா, அனுசுயா" என்று ஒரு குரல் கேட்டது.

யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று கையை உள்ளே விட்டேன்.

ஊறுகாய் பாட்டில். பெருவிரலுக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது.

ஆச்சி செருப்பில்லாமல் ஓடி வந்தார். சத்தியப்பிரியா தன் துப்பட்டாவை என் கையில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவுக ரெண்டு தடவ கூப்பிட்டாகளே அக்கா, காதுல விழலையா?"

விழுந்தது. திரும்பத்தான் தோன்றவில்லை.

எனக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று அம்மா என்னைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, குப்பாயி என்று பெயர் வைத்தாள். ஆதார் எடுக்க வந்தவன் இதெல்லாம் ஒரு பேரா என்று சிரித்து, தனக்குப் பிடித்ததை எழுதிக்கொண்டான். இந்தத் தெருவில் என் பெயரைக் கேட்டவர் ஆச்சி ஒருவர்தான். கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பச்சிக்கும் இப்படித்தான் பிச்சப்பன் என்று வைத்தார்களாம்.

அட்டையைக் காட்டியபோதே சொல்லியிருக்கலாம். எனக்காகச் சண்டை போடுகிற பிள்ளையை ஆச்சி முன்னால் தலைகுனிய வைக்க மனசு வரவில்லை. இத்தனை கதையையும் தெருவில் நின்று சொல்லத் தெம்பும் இல்லை. இப்போது ஆச்சி, நான் பொய்ப் பேர் சொல்லி ஏமாற்றியதாக நினைத்திருப்பார். கையைவிட அதுதான் வலிக்கிறது.

"பாத்துப் போங்க, அனுசுயா," என்றார் ஆச்சி.

மறுபடி வேலைக்கு விட்டார்கள் என்றால் இனி அப்படித்தான் கூப்பிடுவார். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.