கமிட்டி அனுமதி

"வாயில்லாச் சீவன் மண்டையில அடிச்சு, அதைப் படம் புடிச்சதுக்கு விருதாம்!" நாளிதழில் சிரித்த மனைவியின் புகைப்படத்தைக் கிழித்தெறிந்தான் கிருபாசங்கர். எறும்பைக்கூட மிதிக்காதவன் என்று தொண்டாமுத்தூரே அவனைச் சொல்லும்.

எலியின் மூளையை நுணுக்கமாக ஸ்கேன் செய்வது நித்யஸ்ரீயின் பத்து வருட ஆராய்ச்சி. "மூளைக்காயம் எப்படி ஆறுதுன்னு பாக்கத்தானுங்க" என்றாள்.

"அது துடிக்கறது உனக்குப் பாவமாத் தெரியலையா?"

"மயக்க மருந்து குடுத்துத்தான் அடிப்போமுங்க. ஒரே அடி. அதுக்கும் விலங்கு நலக் கமிட்டி அனுமதி வேணுமுங்க. ரெண்டாவது அடிச்சா ஆராய்ச்சியையே நிறுத்திப்போடுவாங்க."

"எதுத்துப் பேசறயா புள்ள?"

இரண்டு அடி விழுந்தது. நெற்றியில் வழிந்த ரத்தத்தை அவள் முந்தானையால் துடைத்தாள். அவன் கையிலிருந்த தென்னை மட்டை மறுபடியும் உயர்ந்தது.

"ஏனுங்க, இது மூணாவது அடிங்க" என்றாள்.