தென்னையில் பூட்டிய பிக்கப்

வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில், கிண்ணியாவில் மஹ்ரூபின் ஐம்பது வருடத்துப் பிக்கப் களவு போனது. ஞாயிறன்று கப்பல்துறை ஊர்ப் பற்றைக்காட்டுக்குள் அதைத் தேடிப் பிடித்தான். உள்ளே அந்த ஊர்ப் பொடியன் ஜதுசன் நித்திரையாகக் கிடந்தான். மஹ்ரூப் அவனை வெளியே இழுத்துப் போட்டு, சில்லு கழற்றும் இரும்பால் இரண்டு மணிக்கட்டுகளையும் உடைத்தான்.

"இனி எப்பிடி ஸ்டியரிங் பிடிக்கிறாய் எண்டு பாப்பம்."

வீட்டில் பிக்கப்பின் முன்சில்லைத் தென்னையோடு சங்கிலி போட்டுப் பூட்டினான். பற்றரியைக் கழற்றிக் குசினிக்குள் அடுப்படியில் வைத்தான்.

அடுத்த வெள்ளி பள்ளியால் திரும்பியபோது பிக்கப்பைக் காணவில்லை. சங்கிலி பூட்டியபடியே கிடந்தது. பற்றரியும் குசினியிலேயே இருந்தது. இரும்போடு நேரே கப்பல்துறைக்குப் போனான். பிக்கப் ஜதுசனின் வாசலில் நின்றது. அவன் இரண்டு கைகளிலும் மாவுக்கட்டோடு படுத்திருந்தான்.

"நான் எடுக்கேல்லை காக்கா. அது தானா வந்தது."

"அப்ப காலாலயாடா ஓட்டினாய்?"

மஹ்ரூப் அவனுடைய முழங்காலையும் உடைத்தான்.

மூன்றாம் வெள்ளி மஹ்ரூப் ஜும்ஆவுக்குப் போகவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து திரும்பவும் தென்னையில் பூட்டிய பிக்கப்புக்குள்ளேயே காவலிருந்தான்.

அன்று மதியம் ஜதுசனின் தாய் ஞானமணி சத்தம் கேட்டு, கப்பல்துறையில் தன் வீட்டு வாசலுக்கு வந்தாள். பிக்கப் அசையாமல் நின்றது. எஞ்சின் சத்தம் இல்லை. முன்கண்ணாடி உடைந்திருந்தது. மஹ்ரூப் முகமெல்லாம் இரத்தமாக, இரண்டு கால்களாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான்.

"இறங்குங்கோ தம்பி," என்று அவள் கதவைத் திறந்தாள்.

"கிட்ட வராதீங்க! இது இன்னும் ஓடுது!"

வாசலில் ஓர் இலைகூட ஆடவில்லை. அவனுடைய தலைமயிர் காற்றில் பின்னுக்குப் பறந்துகொண்டிருந்தது.