ஒத்துவராத கையெழுத்து

“கையெழுத்து ஒத்து வரலீங்க. அடுத்த வாரம் வாங்க.”

கவுன்ட்டரில் இருந்த கோகிலவாணி, தலையைக்கூட நிமிர்த்தாமல் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார்.

“இது மூணாவது வாட்டிங்க மேடம்!” காளியண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு போன் நம்பரைக் கணக்குல சேக்கறதுக்கு எத்தனை வாட்டிங்க நடக்கறது?”

பக்கத்தில் அவன் மனைவி ஆராயி நின்றிருந்தாள். கணக்கு அவளுடையது. கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலை. சம்பளம் மாதாமாதம் இந்த எருமப்பட்டிக் கிளையில் வந்து விழும். அந்தக் கணக்கைப் போனிலேயே பார்த்துக்கொள்கிற மாதிரி, காளியண்ணனின் நம்பரை இணைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

“என்ற பொண்ணு இலக்கியாவுக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கெடச்சிருக்குதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பீஸ் கட்டலீன்னா சீட்டு போயிரும். நம்பர் ஏறிருச்சுன்னா ஊட்ல உக்காந்துக்கிட்டே ஒரு நிமிசத்துல கட்டிருவேன். இவங்க என்னடான்னா நொட்டை சொல்லிட்டு இருக்காங்க!”

வரிசையில் நின்ற நாலைந்து பேர் “அதானே” என்றார்கள்.

அடுத்த மேசையில் இருந்த அதிகாரி தனசேகருக்கு எரிச்சலாக வந்தது. சேலத்திலிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. இந்த மாதம் நூறு பேரையாவது ஆன்லைனுக்கு மாற்றியாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. இதுவரை பதினோரு பேர். இந்த அம்மாள் இப்படி ஆட்களை விரட்டிக்கொண்டே இருந்தால், பன்னிரண்டைத் தொடுவதற்குள் மாதம் முடிந்துவிடும்.

“இங்க குடுங்க, நான் பாக்கறேன்” என்று விண்ணப்பத்தை வாங்கினான்.

கம்ப்யூட்டரில் ஆராயியின் மாதிரிக் கையெழுத்தைத் திறந்தான். எழுத்துகள் குண்டு குண்டாக நிமிர்ந்து நின்றன. விண்ணப்பத்தில் இருந்தவையோ மெலிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கோகிலவாணி சொன்னது பொய்யில்லை.

“பதட்டப்படாம இன்னொரு தடவை போடுங்கம்மா.”

ஆராயி பேனாவை வாங்கி, உதட்டைக் கடித்துக்கொண்டு நிதானமாகப் போட்டாள். அது முதலில் போட்டதைவிட மோசமாகச் சாய்ந்தது.

“ஏன் புள்ள, உன்ற பேரைக்கூட ஒழுங்கா எழுத வராதா உனக்கு?” எல்லோர் முன்னாலும் காளியண்ணன் கத்தினான்.

அவள் தரையைப் பார்த்தாள். தனசேகருக்குப் பாவமாக இருந்தது.

“பரவால்லம்மா. பழைய கையெழுத்தை எடுத்துட்டு, இப்பப் போடறதையே புதுசாப் பதிஞ்சுக்கலாம். நானே பண்ணித் தரேன்.”

ஆராயி சட்டென்று நிமிர்ந்து கோகிலவாணியைப் பார்த்தாள்.

“அதுக்கு போட்டோ வேணும், ஆதார் நகல் வேணும், சாட்சி வேணும்” என்று கோகிலவாணி கடகடவென ஒப்பித்தார். “இன்னிக்கு ஆகாது.”

“வெளங்கிரும் இந்த பேங்க்கு!” காளியண்ணன் விண்ணப்பத்தைக் கசக்கி எறிந்தான். மதியம் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு அவன் புனே கிளம்ப வேண்டும். வாயில் வந்தபடி கோகிலவாணியைத் திட்டிக்கொண்டே வெளியேறினான். ஆராயி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி பின்னாலேயே போனாள்.

தனசேகரால் பொறுக்க முடியவில்லை. “ஏன் மேடம், இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. ஒரு பொண்ணோட படிப்பே போயிடும்னு சொல்றாங்க. கொஞ்சம்கூட மனசு இரங்கலையா?”

“டீ ஆறுது, குடிங்க சார்” என்றார் அவர்.

மேனேஜர் லீவிலிருந்து வந்ததும் முதல் வேலையாக இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தனசேகர் முடிவு செய்துகொண்டான்.

மூன்று மணிக்கு ஆராயி மறுபடியும் வந்தாள். தனியாக வந்தாள். வெயிலில் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“வண்டி டோல்கேட்டைத் தாண்டிருச்சுன்னு இப்பத்தான் போன் பண்ணுனாருங்கக்கா.”

கோகிலவாணி மேசை டிராயரைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். கல்லூரியின் பெயர், கணக்கு எண், தொகை எல்லாம் ஏற்கெனவே அவர் கையாலேயே நிரப்பப்பட்டிருந்தன.

“போடு சாமி.”

ஆராயி கையெழுத்துப் போட்டாள். படிவம் ஒப்புதலுக்காகத் தனசேகரின் மேசைக்கு வந்தது.

குண்டு குண்டாக, நிமிர்ந்து நின்ற எழுத்துகள். மாதிரிக் கையெழுத்துக்கு ஒரு இம்மிகூடப் பிசகவில்லை.

பணம் கல்லூரிக்குப் போனது. ரசீதில் முத்திரை விழுந்தது. ஆராயி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ஏம்மா, இவ்வளவு சரியாப் போடறீங்களே. காலையில ஏன் இந்தக் கையெழுத்து வரல?” என்று கேட்டான் தனசேகர்.

ஆராயி கோகிலவாணியைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“பெரியவ படிப்புக்குன்னு நான் ஊட்ல சேத்து வெச்சது அத்தனையும் அவரு போன்ல சீட்டாடியே தொலைச்சுட்டாருங்க சார். அவ இப்ப மில்லு வேலைக்குப் போறா. சின்னவளையாவது படிக்க வெக்கோணும்ல? நம்பர் சேக்க மாட்டேன்னு நான் சொன்னா ஊட்ல அடி உழும். கையெழுத்து சேரலீன்னா, இந்தக்காவைத் திட்டிட்டுப் போயிருவாருங்க.”

தனசேகர் படிவத்தில் இருந்த கையெழுத்தை மறுபடியும் பார்த்தான். ஆராயி வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு சொன்னாள்:

“சரியாப் போடறதுக்கு நாலே நாள்ல கத்துக்கிட்டேனுங்க சார். தப்பாப் போடறதுக்குத்தான் இந்தக்கா என்னைய ஒரு மாசம் உக்கார வெச்சுப் பழக்குனாங்க!”