நாக்கில் ஒட்டிய வரலாறு

உலக வரலாறு இன்று திருத்தி எழுதப்படுகிறது என்பதை அர்ஜென்டினா மக்களுக்குப் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறோம். எங்கள் பாலைவனப் பூங்காவின் இயக்குநர் தொன் எவாரிஸ்தோ, கால்சட்டையில் புழுதி படுவதையும் பொருட்படுத்தாமல் மண்டியிட்டிருக்கிறார். மலையிலிருந்து இறங்கும் சோந்தா என்ற அனல்காற்று எல்லோர் வாயிலும் மணலை அள்ளிப் போடுகிறது. செம்பாறையில் பட்ட வெயில் கண்ணைக் குத்துகிறது. அவர் கையில் விரல் நீளத்துக்கு, சுண்ணாம்பாய் வெளுத்த ஒரு துண்டு. இது இதுவரை யாரும் காணாத டைனோசரின் எலும்பு, அந்தப் புது டைனோசருக்குத் தன் பெயர்தான் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். தொலைக்காட்சிக் கேமரா அவர் முகத்தை நெருங்குகிறது. “கல்லுன்னா நாக்குல ஒட்டாது, எலும்புன்னா ஒட்டும். நல்லா பாத்துக்குங்க!” நாக்கை நீட்டி வைக்கிறார். ஒட்டுகிறது. கார்களை விட்டிறங்கி நிற்கும் சுற்றுலாக் கூட்டம் கைதட்டுகிறது. கையை எடுத்த பிறகும் அது நாக்கிலேயே தொங்குகிறது. ஓரம் கரைந்து, பழுப்பு எச்சில் தாடியில் இறங்குகிறது.

“தொன் எவாரிஸ்தோ, துப்பிருங்க,” என்கிறாள் காவலர் நெலிதா, மாத்தே தேநீர்க் கோப்பையால் வாயை மறைத்தபடி. அவர் அதைப் பிய்த்தெடுக்கிறார். “வயித்தெரிச்சல், நெலிதா! பின்ன ஒம் பேரையா வைப்பாங்க?” கேமராக்காரனிடம் திரும்புகிறார். “தம்பி, இன்னொரு தடவ எடுத்துக்க.” மறுபடியும் நக்குகிறார், இம்முறை முழு நீளத்துக்கும், கண்ணை மூடி. காவல் குடிலின் நாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, துண்டு கிடந்த அதே இடத்தை மோந்து பார்த்துவிட்டுக் குந்துகிறது. எலும்பே தின்னும் நாயின் மலம் காய்ந்தால் வெள்ளையாகத்தான் இருக்கும்.